அரளி: வைத்தது சரி, சொல்லாமல் விட்டது தவறு

செங்கல்பட்டைத் தாண்டித் தெற்கே போகிறவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். திண்டிவனம், விழுப்புரம், திருச்சி, மதுரை, கோவில்பட்டி என ஊர்கள் மாறும், மண்ணின் நிறம் மாறும். சாலையின் நடுத்திட்டில் நிற்கும் செடி மட்டும் பெரும்பாலும் மாறாது. இளஞ்சிவப்பும் வெள்ளையும் அடர்சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்து, கத்திரி வெயிலிலும் தலை தொங்காமல் நிற்கும் அரளி. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்த குழந்தைக்கு நூறு கிலோமீட்டருக்கு அது ஒன்றுதான் பூ.

அந்தச் செடியின் வேர், தண்டு, இலை, பூ, காய், விதை, பால் எல்லாவற்றிலும் நஞ்சு உண்டு. காய்ந்த சருகிலும் உண்டு. இது நம் பாட்டிகளுக்குத் தெரியும். ஆனால் சாலை ஓரத்திலும் பூங்காவிலும் பள்ளி வாசலிலும் அதை அலங்காரமாகவே பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இன்று யார் சொல்கிறோம்? அரளியை நெடுஞ்சாலையில் வைத்தது நல்ல முடிவு. வைத்தவர்களும் வளர்ப்பவர்களும் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதுதான் குறை. இந்தக் கட்டுரை அந்தக் குறையைப் பற்றியது.

நடுத்திட்டுக்கு ஏன் அரளி?

நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில் செடி வைப்பது அழகுக்காக மட்டும் அல்ல. இரவில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் நேராகக் கண்ணில் அடித்தால் ஓட்டுநருக்குச் சில நொடிகள் எதுவும் தெரியாது. அந்த வெளிச்சத்தை மறைக்க ஆள் இடுப்புக்கு மேல் வளர்ந்து, அடியிலிருந்தே அடர்ந்து, ஆண்டு முழுவதும் இலை உதிர்க்காமல் நிற்கும் புதர் வேண்டும். மரம் வைத்தால் மோதும் வண்டி நொறுங்கும். பூச்செடி வைத்தால் தண்ணீர் கேட்கும். பழச்செடி வைத்தால் ஆளும் ஆடும் சாலையின் குறுக்கே வரும்.

ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது அரளிதான். குச்சியை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். நாற்றங்கால் செலவு குறைவு. வேர் பிடித்த பிறகு லாரித் தண்ணீர் சில நாள் வராவிட்டாலும் தாங்கும். கட்டிடக் கழிவும் சரளையும் கலந்த மண்ணிலும் வரும். புகையும் தூசியும் படிந்தாலும் பூக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடு மாடு வாய் வைக்காது. கால்நடை ஏறி வராத நடுத்திட்டு என்றால் அங்கே விபத்து குறைவு என்று பொருள். மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டு பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை, சாலைத் திட்டச் செலவில் ஒரு சதவீதத்தை மரம், செடி வளர்ப்புக்கு ஒதுக்கச் சொல்கிறது. அந்தப் பணத்தில் நட்ட செடி பிழைக்க வேண்டும் என்று நினைக்கும் எந்த ஒப்பந்ததாரரும் அரளியைத்தான் முதலில் கேட்பார்.

அரளி எப்படி இவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க ஓர் இலையைக் கவிழ்த்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் போதும். பெரும்பாலான செடிகளில் மூச்சுவிடும் துளைகள் இலையின் பரப்பிலேயே திறந்திருக்கும். அரளியில் அவை அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. குழியின் வாயில் மெல்லிய மயிர்கள். வெளியே அனல் காற்று வீசினாலும் குழிக்குள் ஈரம் தங்கும். இலையின் மேல்புறமோ தோல்போலத் தடித்து, மெழுகு பூசியதாக இருக்கும். மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் காட்டாற்றுப் படுகைகளில் வளர்ந்து பழகிய செடி இது. மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து கிழக்கே ஆசியா வரை அப்படித்தான் நிற்கிறது.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வாகனப் புகையின் கார்பனை உறிஞ்சும் அபூர்வ சக்தி அரளிக்கு இருப்பதால்தான் அதை நெடுஞ்சாலையில் வைத்திருக்கிறார்கள் என்கிறது அந்தச் செய்தி. எல்லாப் பச்சை இலையும் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். தூசியை இலையில் படியவிட்டு ஓரளவு தடுக்கும் வேலையையும் அடர்ந்த புதர் எதுவானாலும் செய்யும். அரளிக்குத் தனிப் பெருமை சேர்க்க வேண்டுமானால் அது புகையிலும் சாகாமல் நிற்பதற்குத்தான். அதுவே பெரிய பெருமை.

இரண்டு அரளி, இரண்டு ஆபத்து

அரளி என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுவது இரண்டு வெவ்வேறு செடிகளை. இந்த வேறுபாடு தெரியாமல் இருப்பதுதான் முதல் சிக்கல்.

ஒன்று செவ்வரளி. வெள்ளை, இளஞ்சிவப்பு, ஒற்றை அடுக்கு, பல அடுக்கு எல்லாம் இதில் அடக்கம். இலைகள் ஒரு கணுவுக்கு மூன்று மூன்றாக வட்டமாக நிற்கும். காய் நீளமாக, இரட்டையாக இருக்கும். வெடித்தால் பஞ்சு வைத்த விதைகள் காற்றில் பறக்கும். நெடுஞ்சாலையில் நிற்பது பெரும்பாலும் இதுதான்.

மற்றது மஞ்சள் அரளி. பொன்னரளி, திருவாச்சி என்றும் சொல்வார்கள். இது நம் மண்ணின் செடியே அல்ல. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் பிறந்து கடல் கடந்து வந்தது. புனல்போல நீண்ட மஞ்சள் பூ, ஒடுங்கிய பளபளப்பான இலை, உருண்டை என்றும் சதுரம் என்றும் சொல்ல முடியாத பச்சைக் காய். பழுத்தால் கறுக்கும். உள்ளே கெட்டியான ஓட்டுக்குள் விதை. கோயில் நந்தவனத்திலும் வீட்டு வேலியிலும் பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரத்திலும் மரமாகவே வளர்ந்து நிற்பது இதுதான். அந்தக் காய் கைக்கு அடக்கமாக, விளையாடத் தூண்டும் விதமாக மண்ணில் விழுந்து கிடக்கும். குழந்தைகளைப் பொறுத்தவரை இரண்டில் அதிக ஆபத்து மஞ்சள் அரளி என்று சொல்வதற்கு அதுதான் காரணம்.

நர்சரிகளில் தங்கரளி என்ற பெயரில் மணி வடிவ மஞ்சள் பூக்கள் பூக்கும் மூன்றாவது செடி ஒன்றும் விற்கிறார்கள். அது வேறு குடும்பம், அரளிக்குச் சொந்தமே இல்லை. அதன் இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்து, விளிம்பில் பல் பல்லாக இருக்கும். மஞ்சள் அரளியின் இலை பிரியாத ஒற்றை இலை. மஞ்சள் பூதான் வேண்டும் என்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்கலாம்.

இதயத்தில் என்ன நடக்கிறது?

செவ்வரளியில் இருப்பது ஒலியாண்ட்ரின் முதலான நச்சுகள். மஞ்சள் அரளியில் தெவெட்டின் முதலானவை. இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை, இதயத்தைத் தேடிப் பிடிப்பவை. நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. இதயம் தாளம் தவறாமல் துடிக்க அந்த வேலை நிற்காமல் நடக்க வேண்டும். அரளி நஞ்சு அதை அடைத்துவிடுகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது. நாடி இறங்குகிறது. இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குப் போகும் மின் சமிக்ஞை தடைபடுகிறது. முதலில் வாந்தி, வயிற்று வலி, பேதி. பிறகு மயக்கம், தாறுமாறான துடிப்பு.

இதே வகை வேதிப்பொருளை வேறொரு செடியிலிருந்து எடுத்துத்தான் இதய நோய்க்கு மருந்தாக்கினார்கள். ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங் 1785-ல் டிஜிடாலிஸ் செடியைப் பற்றி எழுதிய நூல் அதன் தொடக்கம். அதிலிருந்து வந்த டிஜாக்சின் மாத்திரை இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் டாக்டர்கள் அதை அளந்து அளந்துதான் கொடுப்பார்கள். அரளியில் அந்த அளவு இலைக்கு இலை, செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே அரளியைக் கைவைத்தியமாக உள்ளுக்குக் கொடுக்க யார் சொன்னாலும், எந்த யூடியூப் சேனல் சொன்னாலும் கேட்காதீர்கள். அமெரிக்காவில் உடல் இளைக்க என்று ஆன்லைனில் விற்ற ஒரு வேர் மருந்தைச் சோதித்தபோது உள்ளே இருந்தது மஞ்சள் அரளி என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-ல் எச்சரித்தது. இளைக்க நினைத்தவர்கள் தெரியாமலே நஞ்சை வாங்கியிருக்கிறார்கள்.

யாராவது அரளியைத் தெரியாமலோ வேறு எப்படியோ உட்கொண்டால் வீட்டில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. உப்புக் கரைசல், புளித்தண்ணீர், சாணக் கரைசல் என்று வாயில் ஊற்றி வாந்தி எடுக்கவைக்கும் பழக்கம் நம் கிராமங்களில் இன்னும் போகவில்லை. அந்தக் கரைசல் நுரையீரலுக்குள் போனால் நஞ்சைவிட அதுவே முதலில் கொல்லக்கூடும். 108-ஐக் கூப்பிடுங்கள். தின்றது எந்தச் செடி என்று காட்ட ஓர் இலையோ காயோ பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஆள் நன்றாகப் பேசுகிறார், ஒன்றும் ஆகவில்லை என்று வீட்டுக்குத் திரும்பாதீர்கள். பார்க்கத் தெளிவாக இருப்பவருக்கே பல மணி நேரம் கழித்து இதயத் துடிப்பு தடுமாறும். ஈசிஜி மானிட்டரில் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய நோயாளி அவர்.

யாழ்ப்பாணம் சொல்லும் பாடம்

அரளி நஞ்சைப் பற்றி இன்று உலக மருத்துவம் அறிந்ததில் பெரும் பங்கு இலங்கையிலிருந்து வந்தது. அதன் பின்னே பெருந்துயரம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அலரி என்றுதான் சொல்வார்கள். வேலிக்கு வேலி மஞ்சள் அலரி நின்ற ஊர் அது. 1980-களின் தொடக்கத்தில் அங்கே இளவயதினர் அதை உட்கொண்டு மருத்துவமனைக்கு வருவது திடீரென்று கூடியது. ஒன்று செய்தியாகி, செய்தி இன்னொன்றைக் கொண்டுவந்தது. 170 நோயாளிகளை ஆராய்ந்த யாழ்ப்பாண மருத்துவர்களின் கட்டுரை 1988-ல் வெளியானது. அதற்குள் அந்தப் பழக்கம் வடக்கைத் தாண்டி மற்ற மாவட்டங்களுக்கும் பரவத் தொடங்கிவிட்டது.

இப்படி வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சாக வேண்டும் என்ற உறுதியே இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வீட்டில் ஒரு வாக்குவாதம், பரீட்சையில் ஒரு தோல்வி, அந்தக் கணத்துக் கோபம். கைக்கெட்டிய தூரத்தில் செடி. கொஞ்ச நேரம் கழித்துப் பிழைக்க வேண்டும் என்று அழுதவர்களைக் காப்பாற்றத்தான் மருத்துவர்கள் போராடினார்கள்.

அந்தப் போராட்டம் ஆய்வுகளாகவும் பதிவாகியிருக்கிறது. டிஜாக்சின் நஞ்சுக்கு எதிராக ஆட்டின் உடலில் உருவாக்கிய எதிர்ப்புப் புரதம் அரளிக்கும் கேட்குமா என்று கொழும்பில் 66 நோயாளிகளிடம் சோதித்து, முடிவை 2000-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். கேட்டது. மருந்து பெற்ற 34 பேரில் 15 பேருக்கு இரண்டு மணி நேரத்திலேயே இதயத் தாளம் சீரானது. பெறாத 32 பேரில் அப்படிச் சீரானவர்கள் இருவர்தான். உயிர் காக்கும் மருந்து கையில் கிடைத்துவிட்டது. ஆனால் அதன் விலை இலங்கை அரசு மருத்துவமனைகள் தாங்கும் விலையாக இல்லை. மருந்து இல்லாமல் போன பிறகு இறப்பு கூடியதையும் அதே லான்செட்டில் 2003-ல் எழுதினார்கள். மேலைநாட்டில் மிக அரிதாகத் தேவைப்படும் மருந்து, மிக அதிகமாகத் தேவைப்படும் நாட்டில் இல்லை. இதைவிட அநியாயம் வேறென்ன?

மலிவான வழி ஒன்றையும் தேடினார்கள். மருத்துவக் கரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் நஞ்சை அது குடலிலேயே பிடித்துக்கொள்ளுமா என்று 401 பேரிடம் சோதித்த 2003-ஆம் ஆண்டு ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. மற்றொரு குழு 4,632 பேரைக் கொண்டு இன்னும் பெரிதாகச் செய்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. இன்றும் நம் அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை வைப்பது அட்ரோபின் ஊசி, தற்காலிக பேஸ்மேக்கர், விடாத கண்காணிப்பு ஆகியவற்றின் மேல்தான். அவை எல்லாம் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரியிலும் கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அங்கே போகும் அந்த ஒன்றிரண்டு மணி நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

பூச்சிமருந்து விஷயத்தில் இலங்கை செய்ததை உலகமே பாராட்டுகிறது. 1995-ல் அங்கே லட்சத்தில் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு பத்தே ஆண்டுகளில் அந்த விகிதம் ஏறக்குறையப் பாதியானது. கைக்கு எட்டாமல் செய்தாலே உயிர் பிழைக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அலரியைத் தடை செய்ய முடியாது, வேலிதோறும் அது தானாக நிற்கிறது. ஆனால் எங்கே வைக்கக் கூடாது என்று சொல்ல முடியும்.

நம் தினசரிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. எதை, எவ்வளவு, எப்படி என்று செய்முறை விளக்கம்போல எழுதும் வழக்கம் இன்னும் போகவில்லை. இந்தக் கட்டுரையில் அந்த விவரம் எதுவும் இல்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். மனம் கனத்துப்போயிருக்கும் வாசகர் யாராவது இதைப் படித்தால் 104-க்கோ 14416-க்கோ போன் செய்யுங்கள். இரண்டும் இலவசம், தமிழிலேயே பேசலாம். சென்னையின் சினேகா அமைப்பு 1986-லிருந்து இதே வேலையைச் செய்கிறது, எண் 044-24640050.

சாமிக்கு ஆகும், பிரசாதத்துக்கு ஆகாது

இவ்வளவு நஞ்சுள்ள செடியை நம் முன்னோர் ஒதுக்கி வைக்கவில்லை. திருவாரூர் அருகே திருக்கரவீரம் என்ற தலத்தில் செவ்வரளிதான் தலமரம். சம்பந்தர் பாடிய தலம் அது. திருமுருகாற்றுப்படையில் முருகனுக்கு எடுக்கும் வெறியாட்டு விழாவில் செவ்வரளி மாலை வருகிறது. மணிமேகலையில் புகார் வீதியில் திரியும் பித்தன் அரளி மாலையும் எருக்க மாலையும் அணிந்திருக்கிறான். வடமொழி மிருச்சகடிகத்தில் கொலைக்களத்துக்கு அழைத்துப் போகும்போது சாருதத்தன் கழுத்தில் கிடப்பதும் அரளி மாலை. தெய்வத்துக்கும் உரியது, பித்துக்கும் சாவுக்கும் உரியது. அந்தப் பூவை எடுத்தவர்கள் எல்லாரும் அது என்ன பூ என்று தெரிந்தே எடுத்தார்கள்.

இன்று அரளிக்குத் தலைநகரம் என்றால் சேலம் மாவட்டம் பனமரத்துப்பட்டிதான். அந்த வட்டாரத்துக் காடுகளில் ஏக்கர் கணக்கில் அரளி. சேலம் பூ மார்க்கெட் விலைப்பட்டியலில் சாதா அரளி, வெள்ளை அரளி, மஞ்சள் அரளி, செவ்வரளி என்று தனித்தனியாக விலை போட்டிருக்கும். குமரி மாவட்டம் தோவாளைச் சந்தையிலும் 'சேலம் அரளி' என்றே கேட்டு வாங்குவார்கள். மல்லிகைபோல இதற்கு மணம் இல்லை. விரியும் முன்னே மொட்டாகப் பறிக்க வேண்டும், விரிந்துவிட்டால் விலை போகாது. நீண்ட கூர்மையான மொட்டுகளை அடுக்கிக் கோத்தால் மாலை கனமாக, ஒரே நிறமாக நிற்கும். அமாவாசைக்கும் ஆயுத பூஜைக்கும் விலை ஏறும், மற்ற நாள் இறங்கும். தண்ணீர் பற்றாத மானாவாரி நிலத்துக்காரர்களுக்கு நெல்லும் கரும்பும் தராத தினசரி வருமானத்தை அரளிதான் தந்தது.

2024 மே மாதம் இவர்களுக்கு ஓர் அதிர்ச்சி வந்தது. கேரளத்தில் ஆலப்புழா மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண் அரளி இலையை அறியாமல் மென்றதால் இறந்ததாகச் செய்தி வந்தது. பத்தனம்திட்டா மாவட்டத்தில் ஒரு பசுவும் கன்றும் அரளித் தழையைத் தின்று இறந்தன. அதையடுத்து திருவிதாங்கூர் தேவசம் போர்டும் மலபார் தேவசம் போர்டும் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்க்கக் கூடாது என்று உத்தரவிட்டன. துளசி, தெச்சி, செம்பருத்தி, ரோஜா போன்றவை போதும் என்றார்கள்.

அந்த உத்தரவு சரியானது, நம் கோயில்களும் பின்பற்ற வேண்டியது. மாலை போடுவதில் ஆபத்து இல்லை. சாமி கழுத்தில் கிடக்கும் மாலையை யாரும் தின்பதில்லை. ஆனால் தீர்த்தப் பாத்திரத்தில் அரளி மிதக்கக் கூடாது. அரளி ஊறிய தண்ணீரிலும் நஞ்சு இறங்கும். விபூதித் தட்டிலும் சர்க்கரைப் பொங்கல் தொன்னையிலும் அரளி இதழ் விழக் கூடாது. அர்ச்சனை முடிந்து கையில் கொடுக்கும் பூவைக் கைக்குழந்தை வாயில் வைக்கும் என்பது எந்த அர்ச்சகருக்கும் தெரியாததல்ல. மாலைக்கு அரளி, கைக்குத் துளசி என்று பிரித்துவிட்டால் பனமரத்துப்பட்டி விவசாயிக்கும் நட்டமில்லை, பக்தருக்கும் ஆபத்தில்லை. பூப் பறிப்பவர்களும் கட்டுபவர்களும் சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பால் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், கண்ணில் பட்டால் எரியும்.

தின்கிறவர்களும் உண்டு

ஆடு மாடு வாய் வைக்காத செடி என்றோம். ஆனால் அரளியையே நம்பி வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். கறுப்பும் வெள்ளையும் வளையம் போட்ட, முதுகில் கறுத்த கொம்புகள் நீண்ட ஒரு புழுவை அரளிக் கொழுந்தில் பார்க்கலாம். வெண்புள்ளிக் கருப்பன் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. வளர்ந்ததும் இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழுவாகும். அந்தக் கூடு பொன்முலாம் பூசியதுபோல மின்னும், நம் முகமே அதில் தெரியும். வாகன இரைச்சலுக்கு நடுவே, நடுத்திட்டு அரளியில்கூட அது தொங்குகிறது. இளங்கிளைகளில் மஞ்சள் அசுவினிகள் மொய்க்கும். பச்சை உடம்பில் நீலக் கண்போலப் பொட்டு வைத்த அந்துப்பூச்சிப் புழு ஒன்றும் அரளி இலையைத்தான் தேடி வரும். குயில்கள் மஞ்சள் அரளிப் பழத்தின் சதையைத் தின்றுவிட்டுப் பறக்கின்றன.

தேனீக்கு மட்டும் செவ்வரளியில் ஒன்றும் கிடைக்காது, பூவில் தேன் கிடையாது. அரளித் தேன் குடித்துச் செத்தார்கள் என்று கதை சொன்னால் நம்ப வேண்டியதில்லை. அரளிக் குச்சியில் இறைச்சி கோத்துச் சுட்டுத் தின்ற படைவீரர்கள் செத்தார்கள் என்ற பழைய கதையும் அப்படித்தான். அமெரிக்க ஆய்வாளர்கள் அரளிக் குச்சியில் சுட்ட சாசேஜை 2009-ல் சோதித்துப் பார்த்தார்கள், பொருட்படுத்தத்தக்க அளவு நஞ்சு அதில் ஏறவில்லை. பயத்துக்கும் ஓர் அளவு வேண்டும். உண்மையான ஆபத்தை விட்டுவிட்டுக் கதைகளைக் கண்டு பயந்தால் பயனில்லை.

உண்மையான ஆபத்துகளில் ஒன்று வெட்டிய தழை. பச்சை அரளியின் கசப்பு தெரிந்து மாடு விலகும். வெட்டிக் காய்ந்த பிறகு அந்தக் கசப்பு மாட்டுக்கு உறைப்பதில்லை, நஞ்சோ அப்படியே இருக்கிறது. நெடுஞ்சாலை நடுத்திட்டைக் கத்தரித்துவிட்டுத் தழையைச் சாலையோரம் குவித்துவிட்டுப் போவதைப் பல இடங்களில் பார்க்கலாம். புல்லோடு புல்லாக அது மேய்ச்சல் மாட்டின் வாய்க்குப் போகும். எரித்தாலும் தீர்வில்லை, புகையை மூச்சில் இழுப்பதும் கெடுதல். வெட்டிய அன்றே வண்டியில் ஏற்றி, கால்நடை போகாத இடத்தில் குழி தோண்டிப் புதைப்பதுதான் வழி. செடி பராமரிப்பு ஒப்பந்தத்தில் இதை ஒரு நிபந்தனையாக எழுதினால் போதும்.

அரளியைக் கொண்டாடும் ஊர்கள்

வெளிநாடுகளில் அரளியை ஊர்ப்பூவாகவே ஏற்றவர்கள் இருக்கிறார்கள். அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவில் எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் புல்கூட முளைக்காது என்று பேசினார்கள். சாம்பல் மேட்டில் முதலில் பூத்தவற்றில் அரளியும் ஒன்று. அந்த நன்றியில் 1973-ல் அதைத் தங்கள் நகரப் பூவாக அறிவித்தார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்து கால்வெஸ்டன் தீவுக்கு 1841-ல் ஜமைக்காவிலிருந்து ஒரு வணிகர் அரளி கொண்டுவந்தார். 1900-ல் புயல் வந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்று ஊரையே துடைத்தபின், உப்பேறிய மண்ணில் மறுபடி பச்சை வைக்க அந்த ஊர்ப் பெண்கள் தேர்ந்தெடுத்ததும் அரளிதான். 1967-லிருந்து அங்கே அரளிக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கம் அரளியைப் புகழ்கிறது, அது நஞ்சு என்பதையும் கூடவே சொல்லிக்கொடுக்கிறது.

நாம் செய்ய வேண்டியதும் அதுதான். நெடுஞ்சாலை அரளியை வெட்ட வேண்டாம், அது அங்கே உயிர்களைக் காக்கிறது. ஆனால் அங்கன்வாடி, தொடக்கப்பள்ளி, சிறுவர் பூங்கா, மாட்டுக்கொட்டகை, விடுதி வளாகம் ஆகிய இடங்களில் அரளிக்கு இடம் கூடாது. குறிப்பாகக் காய் உதிர்க்கும் மஞ்சள் அரளிக்கு. அந்த இடத்தில் செம்பருத்தியும் இட்லிப்பூவும் தங்கரளியும் அதே அழகைத் தரும். ஏற்கெனவே பெரிய மரமாகிவிட்டது, வெட்ட மனமில்லை என்றால் காய் பிடிக்கும் முன் கத்தரித்து, விழுந்த காய்களைத் தினமும் கூட்டி அள்ளுங்கள். ஊராட்சியும் நகராட்சியும் பொது இடத்தில் அரளி வைத்தால் 'இலை, பூ, காய் எதையும் வாயில் வைக்காதீர்கள்' என்று ஒரு பலகை வைக்கட்டும், ஒரு தகரமும் கொஞ்சம் பெயின்ட்டும் போதும். ஆசிரியர்கள் ஒரு வகுப்பை வெளியே கூட்டிப்போய்ச் செடியைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கட்டும்.

உங்கள் பிள்ளையின் பள்ளி வளாகத்தில் மஞ்சள் அரளி நிற்கிறதா என்று நாளை காலை கொண்டுபோய் விடும்போது பாருங்கள். நின்றால் தலைமையாசிரியரிடம் அன்றைக்கே பேசுங்கள்.